மூன்றாம் ஓலை

எலிசாளுக்கு இருபத்தேழு வயது ஆகும்வரை அவள் வேலையைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சத்தியதாஸ் கேட்டான். அதில்தான் அவள் விழுந்தாள்.

அவள் திருவனந்தபுரத்தில் அச்சுகுத்துக்காரி. பெரியம்மை வராமலிருக்கப் பிள்ளைகளின் கையில் மருந்து வைத்துக் கீறிவிடும் சர்க்கார் வேலைக்கு அங்கே அச்சுகுத்து என்று பெயர். வீட்டுக்குள்ளே போய்ப் பெண்களிடம் பேசிப் பிள்ளையை வாங்க ஒரு பெண்ணாள் வேண்டியிருந்ததால் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. தோல்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் சாலைக் கடைத்தெருவின் பின்சந்துகள், ஒரு நாள் மணக்காடு, ஒரு நாள் ஸ்ரீவராகத்து அக்கிரகாரம் என்று நடப்பாள். அக்கிரகாரத்தில் அவளுக்குக் கொல்லைப்புறம்தான் வழி. அவள் படி இறங்குமுன்பே, தீட்டுக் கழியப் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். மற்றத் தெருக்களில் கதவை முகத்தில் அறைந்து சாத்துவார்கள். நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. அதற்கெல்லாம் அவள் கலங்கியதில்லை. கலங்கியது வீட்டுக்கு வந்த பிறகுதான். அண்ணன் நேசையன் பள்ளிக்கூட வாத்தியார். மதினி தாசம்மாள், இவள் சாப்பிட உட்கார்ந்ததும், "கெட்டிக்கொடுக்க வேண்டிய வயசுல கெட்டிக்கொடுத்திருந்தா இந்த ஒரு பானை போதும்" என்று பானையிடம் சொல்வாள்.

சாலையில் ஒரு மொத்தக் கடையில் சத்தியதாஸ் குமாஸ்தா. ஒரே சபைக்காரன், முப்பது வயது, வெள்ளை வேட்டியில் மடிப்புக் கலையாதவன். பெண் பார்க்க வந்த அன்று, "திங்கக்கிழம எந்தத் தெருவு? செவ்வாய்க்கிழம?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டான். எலிசாளுக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை மணக்காட்டில் தெருமுனையில் குடையோடு நின்றான். அதற்கடுத்த செவ்வாயும் நின்றான். மூன்றாவது முறை அவன் முகம் சரியில்லை.

"அந்த ஓட்டு வீட்டுல இருபது நிமிஷம் நின்னியே. சிரிச்சது ஆரு?"

"பிள்ளைக்க அப்பன். பிள்ளை என் கையைக் கடிச்சிட்டு. அதுக்காக்கும் சிரிச்சாரு."

"உனக்கும் சிரிப்பு வந்துதோ?"

எலிசாள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். சிறிது தூரம் நடந்ததும் அவனே மன்னிப்புக் கேட்டான். அன்பு மிஞ்சிப்போய்க் கேட்டுவிட்டதாகச் சொன்னான். அன்றைக்கே ஒரு கடிதமும் வந்தது. பதில் எழுதும்போது முழுப்பெயரையும் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று அதில் கேட்டிருந்தான். அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பதே தனக்குப் போதுமாம்.

நிச்சயத்துக்கு முந்தின வாரம் அவன் வீட்டுக்குப் போனார்கள். அவன் தங்கை நேசமணி காப்பி கொண்டுவந்தாள். "என்ன படிச்சிருக்கிய?" என்று எலிசாள் கேட்டதும் அந்தப் பெண் வாயைத் திறக்காமல் அண்ணனைப் பார்த்தாள். அவன், "ஏழு" என்றான். பிறகு எலிசாள், "உங்களுக்குக் காப்பி?" என்றாள். நேசமணி மறுபடியும் அண்ணனைப் பார்த்தாள். "அவ குடிக்க மாட்டா" என்றான்.

ஒரு நாளைக்கு முப்பது கதவு தட்டுகிறவளுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. பாதிக் கதவைத் திறந்து, "அவிய வரட்டு, கேட்டுச் சொல்லுதேன்" என்கிற பெண்களை அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் ஊசியைப் பார்த்தால்கூட அழுவதில்லை. தெருவில் பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கிற ஒன்றை, தனக்கென்று வந்தபோது அவள் காணாதவள்போலத் திரும்பி வந்தாள். இருபத்தேழு வயது. மதினியின் பானை.

அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபைப் போதகரான ஐயர் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதும் வாசித்தாயிற்று. அதற்கடுத்த புதன்கிழமை சுகாதார ஆபீசில் இன்ஸ்பெக்டர் நீலகண்டன் அவளைக் கூப்பிட்டார்.

"என்ன எலிசாளே, ஜோலியை ராஜி வச்சதா? ஒரு வாக்கு பறையலையே. அம்மை பரவுற வசூரிக்காலம் வரப்போகுது. ஆளுக்கு நான் எங்கே போவேன்?"

"நான் ஆரிட்டயும் ராஜி சொல்லலியே சார்."

அவர் ஒரு கடுதாசியை நீட்டினார். விவாகம் நிச்சயமாகியிருப்பதால் வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்து. எலிசாள் வெகுநேரம் அதையே பார்த்தாள். அவள் கையெழுத்தேதான். கடைசி எழுத்தின் வால் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சுழிந்திருந்தது.

"இது நான் போட்ட ஒப்பு இல்ல சார்."

நீலகண்டன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். மறுகேள்வி கேட்கவில்லை. "எனக்கு இந்தக் கடுதாசி வரவேயில்லை" என்று சொல்லி அதை அவளிடமே கொடுத்துவிட்டார்.

அவள் நேராகச் சாலைக்குப் போனாள். கடைக்குப் பின்னால், மிளகு மூட்டைகளுக்கு நடுவில் சத்தியதாஸ் வந்து நின்றான்.

"இதை ஆரு எழுதினது?"

"நம்ம ரெண்டுபேருக்கும் வேண்டி எழுதினது. கல்யாணம் ஆனாப் பின்னே தெருத்தெருவா நடக்கவா போறே?"

"ஒப்பு?"

"உன் ஒப்புதான். நீ போட்டா என்ன, நான் போட்டா என்ன?"

"எத்தனை தடவை எழுதிப் பழகினிய?"

அவன் வெட்கப்படவில்லை. சிரித்தான். "கொஞ்ச நாளாச்சு. அந்த 'ள்' தான் லேசில வரல்ல."

அவன் கோபப்பட்டிருந்தால், அடிக்கக் கை ஓங்கியிருந்தால்கூட அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். மாலை நேரங்களில் விளக்கை வைத்துக்கொண்டு, அவள் ஆசையாக எழுதிய கடிதங்களைப் பக்கத்தில் விரித்து, அவள் பெயரை அவன் எழுதி எழுதிப் பார்த்திருக்கிறான்.

வீட்டில் சொன்னாள். நேசையன் கடுதாசியைப் படித்துவிட்டு மடித்தான். "உன்மேல உள்ள கரிசனத்துலதானே செய்திருக்கான்? குடிக்கானா? சூதாடுதானா? ஓலை ரெண்டு வாசிச்சாச்சு. இனி எனக்க தலையைக் குனிய வைக்காதே பிள்ளே."

"உன் தலை நிமிந்திருக்க என் கழுத்தைக் குடுக்கணுமாக்கும்?"

நேசையன் கன்னத்தில் அறைந்தான். அதுவரை அவன் அவளை அடித்ததில்லை.

மூன்றாம் ஞாயிறு ஐயர் ஓலையை வாசித்து, "தடை ஏதும் அறிந்தவர்கள் உண்டானால் இப்போது சொல்லக்கடவர்கள்" என்று வழக்கம்போல அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். பெண்கள் பக்கத்திலிருந்து எலிசாள் எழுந்தாள்.

"தடை உண்டு ஐயரே."

"ஆரம்மா அது?"

"பெண்ணாக்கும். எனக்குச் சம்மதம் இல்ல."

பாட்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மதினி அவள் சேலையைப் பிடித்து இழுத்ததில் தோள்பக்கம் கிழிந்தது. எலிசாள் உட்காரவில்லை.

ஆராதனை முடிந்து உள்ளறையில் ஐயர், நேசையன், சத்தியதாஸ், எலிசாள் நால்வரும் இருந்தார்கள். ஐயர் கடுதாசியைப் பார்த்தார். "கல்யாணம் நிக்கட்டும். ஆனா காரணம் இந்த அறையை விட்டு வெளிய போகப்படாது. ஒரு வாலிபன் பேரு கெட்டா திரும்ப வராது. நீ சத்தியம் பண்ணு" என்றார். கடுதாசியைத் தன் அங்கிக்குள் வைத்துக்கொண்டார். தப்பித்தால் போதும் என்றிருந்த எலிசாள் தலையாட்டினாள். சத்தியதாஸ் வெளியே வந்து அந்த வாரமே, பெண்ணுக்கு ஏதோ நோய், தீனம் என்று பரப்பினான். நேசையன் அவள் பெட்டியை வாசலில் வைத்தான். தம்பானூர்ப் பக்கம் ரயில் சத்தம் கேட்கும் ஓர் ஒற்றை அறையில் அவள் குடியேறினாள்.

எட்டு மாதம் கழித்துப் பாறசாலையிலிருந்து ஒரு விவசாயி அந்த அறையைத் தேடி வந்தார். கையில் தலைத்துண்டை வைத்து முறுக்கிக்கொண்டே நின்றார். "மக்களே, எனக்க மகளை சத்தியதாசுக்குக் கேக்காவ. நீ ஏன் வேண்டாம்னு சொன்னே? ஒரு வாக்கு சொன்னாப் போதும்."

எலிசாள் சத்தியத்தை நினைத்தாள். பேசினால் பொறாமை என்பார்களே என்றும் நினைத்தாள். "எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்" என்றாள். அவர் நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்தில் அம்மை கடுமையாகப் பரவியது. ஒரு வீட்டையும் விடக்கூடாது என்று உத்தரவு. பட்டியலில் சத்தியதாஸ் வீடும் இருந்தது. எலிசாள் போனபோது கதவில் வெளிப்பூட்டுத் தொங்கியது. திரும்பப் போனவளை ஜன்னலிலிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"சாவி அவிய கையில. பிள்ளைக்கு இப்படியே குத்துவியளா?"

கம்பிகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் கை வெளியே வந்தது. எலிசாள் அந்தக் கையைத் துடைத்து, மருந்து வைத்துக் கீறினாள். குழந்தை அழவில்லை. உள்ளே நின்றவள் இருபது வயதுப் பெண், பெயர் ஞானப்பூ. எலிசாளின் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதானா அந்த எலிசாள்?"

"ஆமா."

"எங்கப்பா உங்க வீட்டுப் படியில வந்து நின்னு கேட்டாரே. உங்களுக்கு அண்ணைக்கு வாய்க்குள்ள என்ன இருந்துது?"

"சத்தியம் பண்ணியிருந்தேன்..."

"நல்ல சத்தியம். நீங்க வெளிய நிக்கிய. நான் உள்ள நிக்கேன்." ஜன்னல் சாத்தப்பட்டது.

எலிசாள் அன்று அடுத்த வீடுகளுக்குப் போகவில்லை. ஐயரிடம் போய்க் கடுதாசியைக் கேட்டாள். கிழித்துப்போட்டு நாளாயிற்று என்றார். அங்கிருந்து சாலைக்குப் போனாள். பகல் பதினோரு மணி. வண்டிக்காரர்களும் சுமட்டுக்காரர்களும் நிறைந்த நேரம். கடை வாசலில் நின்று, கள்ள ஒப்பு முதல் வெளிப்பூட்டு வரை ஒன்று விடாமல் உரத்துச் சொன்னாள். சத்தியதாஸ், "பைத்தியம், பைத்தியம்" என்று கத்தினான். கூட்டத்தில் பாதி சிரித்தது. யாரோ சாணியை எறிந்தார்கள். அவள் முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

செய்தி பாறசாலைக்குப் போய், ஞானப்பூவின் அப்பா வந்து மகளையும் குழந்தையையும் அழைத்துப் போனார். நான்கு மாதத்தில் உறவுக்காரர்கள் பேசித் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பூட்டு மட்டும் அதன்பின் தொங்கவில்லை. தெருக்காரர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஞானப்பூ எலிசாளிடம் கடைசிவரை பேசவில்லை. எலிசாளும் அதை எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவளிடம் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி யார் கேட்டாலும் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னாள். அந்த ஊரில் அவள் உள்ளே போகாத வீடு குறைவு. "தாய் பேசும்போது அவன் குறுக்கே பேசுதான்." "தங்கச்சிக்கு வந்த கடுதாசியை அவன்தான் பிரிக்கான்." "வேலைக்காரி அவன் செருப்புச் சத்தத்துக்கு எழும்புதா." இவ்வளவுதான் சொல்வாள். கேட்டவர்களில் சிலர் பின்வாங்கினார்கள். பலர் அவளைத் திட்டிக்கொண்டே கல்யாணத்தை நடத்தினார்கள். கல்யாணம் கலைக்கிறவள் என்று பெயர் வந்தது. ஸ்ரீவராகத்தில் பட்டாபி என்ற மாப்பிள்ளை வீட்டுக்காரர் மேலே எழுதிப்போட்டு அவளைப் பொன்முடித் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயங்களுக்கு மாற்ற வைத்தார். மூன்று வருஷம் மழையிலும் அட்டைக்கடியிலும் ஏறி இறங்கினாள். திரும்பி வந்தும் பேச்சைக் குறைக்கவில்லை.

யுத்தம் முடிந்த வருஷத்தில் ஒரு சாயங்காலம் நேசையன் அவள் அறைக்கு வந்தான். பதின்மூன்று வருஷத்துக்குப் பின் இப்போதுதான் வருகிறான். தலை முழுக்க நரைத்திருந்தது. மூத்த மகளுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு இடம் வந்திருக்கிறது என்றான். நல்ல இடம்தான் என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ ஒரு தடவை அந்த வீட்டுல போய்ப் பாத்தா நல்லாயிருக்கும்" என்றான்.

எலிசாள் அவனை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை.

"அண்ணைக்கு என்னை எதுக்கு அடிச்சே?"

அவன் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அவள் மேசையிலிருந்து ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து அவன் முன்னால் தள்ளினாள்.

"வீட்டுப்பேரையும் தெருவையும் எழுதிட்டுப் போ. வியாழக்கிழமை போறேன். பாத்ததை உங்கிட்ட சொல்ல மாட்டேன். உன் மகள்ட்டதான் சொல்லுவேன்."