நெஞ்சு வலி என்று சொல்லிவைத்த வீடு

இ.சி.ஜி. எடுக்கிற வேலையில் மெஷின் தொந்தரவு தராது. படுத்திருப்பவரின் சொந்தபந்தம்தான் தரும். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துத் தலைவலி வாங்கிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? தொண்ணூறுகளின் கடைசியில் ஜார்ஜ் டவுனில் நான் பட்டதைக் கேளுங்கள்.

நல்ல செய்தி வேண்டாம்

பக்கத்து டத்தோ கிராமாட் வட்டாரத்திலிருந்து வரும் சிவநாதன் அரசாங்க குமாஸ்தா, நாற்பது வயது. எச்.ஐ.வி.யோடு, கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் அவருக்கு இருந்தது. வீட்டில் மனைவி தேவகி அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். ஏன் இளைத்துப்போனார் என்று கேட்ட உறவுக்கெல்லாம் "ஹார்ட்டில் கோளாறு" என்று சொல்லிவைத்திருந்தார்கள். அது மரியாதையான வியாதி. யாரும் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கிவைக்க மாட்டார்கள்.

ஒருமுறை டாக்டர் சொல்லி இ.சி.ஜி. எடுத்தேன். குறை ஒன்றுமில்லை. அதைக் கேட்டதும் தேவகி அக்காவின் முகம் வாடிவிட்டது. வெளியே பெஞ்சில் கணவரின் பெரியம்மா காத்திருந்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாரும் அவருக்கு மிஸ்ஸிதான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "மிஸ்ஸி, நல்லா இருக்குன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க லா!"

பந்தியில் ஒரு கிள்ளு

சில மாதம் கழித்து அவசரப் பிரிவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பட்டு வேட்டியோடு சிவநாதன் வேர்த்துக் கொட்டப் படுத்திருந்தார். கல்யாண மண்டபத்திலிருந்து நேரே வந்திருக்கிறார்கள். நெஞ்சில் ரப்பர் குமிழ்களை ஒட்டி மெஷினை ஓடவிட்டேன். கோடு மேடாக எழும்பி நின்றது. மாரடைப்பு! சத்தியமாக நான் எதிர்பார்க்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் ஒரு மாமா, ஏன் இப்படி மெலிந்துவிட்டாய் என்று குடைந்திருக்கிறார். இவர் நெஞ்சைப் பிடித்திருக்கிறார். கேள்வி வந்தால் நெஞ்சைப் பிடிப்பது இவர் வழக்கம். அக்கா எழாமல் பாயசம் வரை சாப்பிட்டு முடித்திருக்கிறார். சுவரில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "நடிக்கிறார்னு நெனச்சேன் மிஸ்ஸி. போதும், எழும்புங்கன்னு தொடையில கிள்ளிட்டேன்."

டாக்டரும் முழித்தார்

புது மருந்து வந்து எச்.ஐ.வி. அடங்கி, ஆள் மெல்லத் தேறிவந்த சமயம் அது. இனி ஆபத்தில்லை என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். அந்த நேரத்தில் இப்படி ஆனால் யாருக்குத்தான் அதிர்ச்சியாக இருக்காது?

"எப்படி டாக்டர், இந்த வயசில?" என்று கேட்டேன். இரண்டு கிருமியும் சேர்ந்து ரத்தக் குழாயைக் கெடுத்ததா, மருந்தால் கொழுப்பு ஏறியதா, இல்லை சிகரெட்டா, எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை என்றார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்: "நுரையீரலைப் பார்த்தோம், கல்லீரலைப் பார்த்தோம், நடுவுல இருந்ததை விட்டுட்டோம்."

பெரியம்மா பதறவில்லை

சிவநாதன் பிழைத்துக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பார்வையாளர் நேரத்தில் பெரியம்மா பிளாஸ்க்கும் மைலோ சத்துமாவு டின்னுமாக வந்தார். கட்டிலருகே தேவகி அக்கா தேம்பிக்கொண்டிருந்தார், பொய்யாகச் சொன்ன வியாதி நிஜமாக வந்துவிட்டதே என்று. அது பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்? வெந்நீரை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "இப்ப என்ன புதுசா அழுவுற? ரொம்ப நாளா இருக்கிற வியாதிதானே லா!"

ஆக, பொய்யை நம்பியவர் நிதானமாக மைலோ கலக்க, உண்மை தெரிந்த நாங்கள்தான் ஆடிப்போய் நின்றோம்.