உலினா அப்பா கைப்பை தூக்கிய நாள்

எங்கள் காபன்ஜாஹே மலையூரில் தெர்கெலினை முதுகுப் பக்கமாகப் பார்த்தவர்களே அதிகம். மனைவி பத்தடி பின்னால்தான் வரவேண்டும் என்று அவர் சட்டம் ஒன்றும் போடவில்லை. மனிதருக்கு மெதுவாக நடக்கத் தெரியாது, அவ்வளவுதான். சந்தையானாலும் தேவாலயமானாலும் அவர் முன்னே போவார். அவள் கைப்பையையும் வெற்றிலையையும் அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வருவாள். மூத்த மகள் உலினா பிறந்த நாளிலிருந்து அவர் உலினா அப்பா, அவள் உலினா அம்மா. எங்களில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். நான் அவர்களுக்குப் பக்கத்து ஆரஞ்சுத் தோட்டத்துக்காரி. அந்தப் பினாங்கு நாளை அவள் சொல்லி நாலு தடவை கேட்டிருக்கிறேன், அவர் சொல்லி ஒரு தடவை.

வெற்றிலை போட்டுப் போட்டு அவள் கன்னத்துக்குள் ஒரு கட்டி வந்துவிட்டது. பெரிய நோய் என்றால் எங்கள் ஆட்கள் மலைக்குக் கீழே மேதான் நகரத்தில் விமானம் ஏறிக் கடல் தாண்டி பினாங்குக்குப் போய்விடுவது வழக்கம். அங்கே கட்டியை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வெற்றிலையைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முடிவு வியாழக்கிழமை நாலு மணிக்கு.

அன்று காலையில் தையலைப் பார்ப்பதற்காக அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். வெளியே நின்ற உலினா அப்பாவிடம் ஒரு நர்ஸ் பெண் வந்து படபடவென்று ஏதோ சொன்னாள். அவர்கள் பாஷை எங்கள் பாஷைக்குச் சித்தப்பா மகள் மாதிரி. முகம் ஒன்று, குணம் வேறு. இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மா வந்து காட்டுவது எல்லாம் பெர்ச்சுமா என்பது மட்டும் அவர் காதில் தெளிவாக விழுந்தது.

எங்கள் ஊரில் பெர்ச்சுமா என்றால் வீண். செய்து பிரயோஜனமில்லை.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். இந்த ஊரில் சாவையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாராம். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். ஒருவர் சொன்னதைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. அவள் வெளியே வந்ததும் அவள் தோளிலிருந்த கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நாலு மணி வரைக்கும் நேரம் கெடக்கு. எங்க போகணும்னு சொல்லு. நடப்போம்."

முப்பத்தொரு வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

தெருமுனையில் ஒரு ரிக்ஷாக்காரர் வழிமறித்து, "பூசிங்?" என்றார். எங்களுக்கு அது தலைசுற்றல். உலினா அம்மா மரியாதையாக, "தலையெல்லாம் சுத்தலைங்க, கன்னத்துலதான் தையல்" என்று பதில் சொன்னாள். அந்த மனிதர் விழித்துவிட்டு, விரலால் தெருவை ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அவர்களுக்கு அது ஊர்சுற்றல். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தையல் வலிக்கச் சிரித்தாள். உலினா அப்பா சிரிக்கவில்லை. அந்த இடத்தில் கொஞ்சம் சிரித்து யோசித்திருந்தால் அன்றைய பொழுது அவருக்கு அப்போதே விடிந்திருக்கும்.

நடந்தார்கள். சுவரில் படம் வரைந்திருந்த சந்துகளில் அவளை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். எடுத்ததில் பாதி அவருடைய கட்டைவிரல். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து படகுகள் போவதையும் வருவதையும் பார்த்தார்கள். எங்கள் மலைப் பனியில் வளர்ந்தவர்களுக்கு அந்த வெயில் அடுப்புக்குள் நிற்கிற மாதிரி. செண்டோல் என்கிற தேங்காய்ப்பால் ஐஸ் வாங்கி அவளுக்கு ஐஸாகப் பார்த்து ஊட்டிவிடப் போனார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அவள் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் நின்றால் நின்றார், நடந்தால் நடந்தார். பக்கத்திலேயே அவர் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு என்னவோ போலிருந்ததாம்.

தமிழர் கடைத்தெருவில் ஒருவர் பச்சைப் பசேலென்று வெற்றிலை அடுக்கி வைத்திருந்தார். அவள் பார்க்காத மாதிரி தாண்டினாள். உலினா அப்பா நின்று, பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்து ஒன்று வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தார்.

"ஆசையா இருந்தா போட்டுக்க. என்ன ஆயிடப்போகுது."

அவள் வாங்கிக்கொண்டாள். அவர் அவள் பக்கம் திரும்பாமல் தெருவைப் பார்த்தே நடந்தார்.

மூன்று மணி சுமாருக்கு ஒரு பழைய சீன வியாபாரியின் மாளிகை வந்தது. பெரிய கதவு, உள்ளே குளுகுளுவென்று முற்றம். அவள் உள்ளே போகலாம் என்றாள். வாசல் பலகையில் 'நுழைவு பெர்ச்சுமா' என்று எழுதியிருந்தது. உலினா அப்பாவுக்கு முகம் கடுத்துவிட்டது. உள்ளே போவது வீண் என்று வாசலிலேயே எழுதிப்போட்டிருக்கிறான், இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வார்த்தைதானா என்று பொருமினார். அவள் காதில் வாங்காமல் அவர் தோளிலிருந்த பைக்குள் கைவிட்டுக் காசைத் துழாவினாள். மேசைக்குப் பின்னால் விசிறிக்கொண்டிருந்த காவலாளி கையை ஆட்டினார்.

"காசெல்லாம் வேணாம்மா. பெர்ச்சுமா."

"கேட்டீங்களா," என்றாள் அவள். "இங்க பெர்ச்சுமான்னா சும்மாவாம். காசில்லாம."

உலினா அப்பா காவலாளியிடம் போனார். 

"அண்ணே, ஆஸ்பத்திரியில மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டுறது பெர்ச்சுமான்னு சொன்னா?"

"காசு வாங்க மாட்டாங்கன்னு அர்த்தம். வேற என்ன?"

அவர் அந்த வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கைப்பையை மடியில் வைத்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். சுற்றுலா வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். பிறகு நர்ஸ் சொன்னதைத் திக்கித் திக்கி அவளிடம் சொன்னார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள்.

"பைய வாங்குனீங்க, ஏதோ நல்ல மனசுல இருக்கீங்கன்னு நெனச்சேன். மெதுவா நடந்தீங்க, முட்டி வலின்னு நெனச்சேன். வெத்தலைய வாங்கிக் குடுத்தீங்க பாருங்க, அப்பதான் தெரிஞ்சுது, நான் பொழைக்க மாட்டேன்னு உங்களுக்கு யாரோ சொல்லிட்டாங்கன்னு."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "போட்டுட்டியா அத?"

"போடல." தோள்துண்டின் முடிச்சை அவிழ்த்து மடிப்பு கலையாத வெற்றிலையைக் காட்டினாள். "பொழைக்க மாட்டேன்னு முடிவு பண்ணது நீங்க. நான் பண்ணல."

அவர் கையை நீட்டினார். "குடு அத. டாக்டர் வேணாம்னு சொன்னாருல்ல? ஒருதரம் சொன்னா மண்டையில ஏறாதா உனக்கு?"

வாழ்நாளில் வாங்கிய திட்டுகளிலேயே அதுதான் ருசியானது என்று உலினா அம்மா இன்றைக்கும் சொல்லுவாள். வெற்றிலை குப்பைத்தொட்டிக்குப் போனது. ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். பழைய குணம் திரும்பி, அவர் பத்தடி முன்னால் போய்விட்டார். கைப்பை மட்டும் அவர் தோளிலேயே ஆடிக்கொண்டு போனது.

நாலு மணிக்கு டாக்டர், கட்டியில் கெட்டது எதுவும் இல்லை, ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டும் என்றார்.

"அது பெர்ச்சுமாதானங்க?" என்றார் உலினா அப்பா.

பெர்ச்சுமாதான் என்றார் டாக்டர். உலினா அப்பா அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.