அஞ்சு பேருக்கும் ஒரே நாள் லீவு

மழையில் நனைந்த பூப்பந்துக்குத் தனி வாசம் உண்டு... ஈரக் கம்பளி வாசம். அப்பா அந்த மஞ்சள் பந்தைத் துண்டில் சுற்றிப் பிழிந்து, சமையலறை ஜன்னல் கம்பியில் காய வைப்பார்.

"ஏனுங்க, சாம்பாருக்கு நேர் மேலதான் இதுக்கு எடம் கெடச்சுதா?" என்று அம்மா கேட்பார்.

"சாம்பார்ல உழுந்தா பந்துதானுங்க கெட்டுப்போகும்!"

நேற்று வரலாறு வகுப்பில் தொழிற்புரட்சி பாடம். தொழிலாளிகள் எவ்வளவு நேரம் வேலை செய்தார்கள் என்று நிறைய இருந்தது. வேலை முடிந்த பிறகு என்ன செய்தார்கள் என்று தேடினேன்... ஒரு வரிகூட இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன், ஃப்ரெண்ட்ஸ்.

நான் அப்போது ஏழாவது. இப்போது பிளஸ் ஒன். பீளமேட்டில் மில்லுக்குப் பின்னால் லைன் வீடுகளில் குடியிருந்தோம். அப்பாவுக்கு நூல் நூற்கிற ஸ்பின்னிங்கில் வேலை.

ஞாயிற்றுக்கிழமை மில் மொத்தமாக நிற்கும். மெஷின் சத்தம் இல்லாமல் காலையில் காது அடைத்த மாதிரி இருக்கும். லைனில் இருக்கிற அத்தனை ஆண்களும் கிரவுண்டில்தான். பூப்பந்துக்கு ஒரு பக்கம் அஞ்சு பேர் வேண்டும். அப்பாவின் டீமில் அஞ்சு பேருமே மில்காரர்கள். வலைக்குப் பக்கத்தில் நின்று ஆடுவது துரைசாமி மாமா. அவரைத் தாண்டிப் பந்து போகாது.

வருஷத்துக்கு ஒரு தடவை பக்கத்து மில் டீமோடு மேட்ச். தோற்றவர்கள் டீயும் தேங்காய் பன்னும் வாங்கித் தர வேண்டும். முந்தைய இரண்டு வருஷமும் வாங்கித் தந்தது நாங்கள்தான்.

அந்த வருஷம் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இனிமேல் மில் ஏழு நாளும் ஓடும். ஆட்களுக்கு வார லீவு மட்டும் ஆளுக்கொரு கிழமையில்.

லீவு குறையவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் அப்படியேதான் இருந்தது. அதனால் என்ன சொல்லிச் சண்டை போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை...

"அஞ்சு பேர் சேர்ந்து நின்னா மேட்சு. இல்லாட்டி இந்த வருசத்தோட உட்டுரலாம்" என்று அப்பா சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

நான் கணக்கு நோட்டை எடுத்தேன். அஞ்சு பேருடைய பெயர். பகல் ஷிஃப்ட் பச்சை, அரை நைட் சிவப்பு, முழு நைட் நீலம். பகல் ஷிஃப்ட் சாயங்காலம் நாலு மணிக்கு விடும், அரை நைட் அதே நாலு மணிக்குத் தொடங்கும், முழு நைட் நடுராத்திரிக்குத்தான். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு வியாழக்கிழமையைக் கண்டுபிடித்தேன். அன்று அப்பாவுக்கு லீவு, இரண்டு பேர் பகல், இரண்டு பேர் முழு நைட். நாலரை மணிக்கு அஞ்சு பேரும் ஃப்ரீ! பக்கத்து மில்லுக்கும் சொல்லியாகிவிட்டது.

அந்த வியாழக்கிழமை, ஸ்கூல் விட்டு வந்துகொண்டிருந்தேன். துரைசாமி மாமா சாப்பாட்டுத் தூக்கோடு மில்லைப் பார்த்து நடந்து போகிறார்!

"மாமா, இன்னைக்கு உங்களுக்குப் பகல்தானே?"

"இல்லீங் அம்மணி, அரை நைட்டு. நேத்து எனக்கு லீவு. லீவு முடிஞ்சா ஷிஃப்ட் மாறிரும்ல?"

அப்போதுதான் புரிந்தது. முன்பு எல்லோருக்கும் ஞாயிறு லீவு, திங்கள்கிழமை ஷிஃப்ட் மாறும். நான் பழையபடியே அஞ்சு பேருக்கும் திங்கள்கிழமை மாற்றிவிட்டேன். இப்போது அவரவர் லீவுக்கு மறுநாள் அவரவருக்கு மாறும். மற்ற நாலு பேருக்கு என் கணக்கு பொருந்தியது அதிர்ஷ்டம்தான்.

"நானும் நோட்டைப் பாக்காம உட்டுட்டனுங் கண்ணு. நீ எழுதுனா தப்பா இருக்குமா?" என்றார் மாமா. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

நாலு மணிக்கு அவர் கேட்டுக்குள்ளே போக, பகல் ஷிஃப்ட் முடிந்து இன்னொருவர் வெளியே வந்தார். அப்பாவும் முழு நைட்காரர்கள் இரண்டு பேரும் வெளியே பேட்டோடு நின்றார்கள். அரை நிமிஷம் அஞ்சு பேரும் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

கிரவுண்டில் பக்கத்து மில் கேப்டன் எங்கள் பக்கம் எண்ணிப் பார்த்தார். "ஏனுங்க, எங்க உங்க முன்னாடி ஆளு?"

அப்பா நடந்ததைச் சொன்னார். நான் தண்ணிக் குடத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கேப்டன் தன் பேட்டைக் கீழே வைத்தார். "நாலுக்கு நாலு ஆடுங்க. நான் பாயிண்ட் சொல்றேன். எங்க மில்லுலயும் வர்ற மாசத்துல இருந்து இதே கதைதானுங்க..."

மூன்று கேம் ஆடினார்கள். கடைசி கேம் இரண்டே பாயிண்டில் போய்விட்டது. பன் வாங்கித் தந்தது மறுபடியும் நாங்கள்தான்.

நான் பன்னைத் தொடவில்லை. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாலு பேரை ஒரே நேரத்துல வெளிய நிறுத்துனது உன்ற நோட்டுதான் கண்ணு. எங்க மேனேஜராலயே முடியாது. தின்னு."

அடுத்த வருஷம் தப்பில்லாமல் போட்டேன். இந்தத் தடவை இரண்டு டீமும் சேர்த்துப் பத்துப் பேர். அவரவர் லீவு, அவரவர் ஷிஃப்ட், எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். மூன்று மாதத்துக்குப் பார்த்தும் பத்துப் பேரும் சேர்கிற மாதிரி ஒரு நாள்கூட வரவில்லை.

"நாள் கெடச்சுதா அம்மணி?"

"இல்லீங்ப்பா."

"செரி உடு" என்றார்.

இப்போது அப்பாவுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. நானும் ஸ்கூல் போய்விடுவேன், அம்மாவும் தையல் வேலைக்குப் போய்விடுவார். அப்பா துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு மொபைல் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீட்டில் இருப்போம், அவர் மில்லில் இருப்பார். யாருக்கும் லீவு குறையவில்லை, பாருங்கள்...

போன செவ்வாய்க்கிழமை மழைக்கு எங்கள் ஸ்கூல் லீவு. அம்மாவும் வேலைக்குப் போகவில்லை. காலையில் எழுந்து வந்த அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இன்னைக்கு உனக்கும் லீவா?" என்று கேட்டார். பல் விளக்கிவிட்டு வந்து இன்னொரு தடவை கேட்டார்.