பச்சைமுத்துவின் இடது கை

பச்சைமுத்து மாமாவை மில்லிலிருந்து துரத்தியவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர் என் அக்கா காந்தாவின் புருஷன். பெங்களூரில் ஒரு நூல் மில்லில், ஓடும் மெஷினில் அறுந்த இழையை விரலால் பிடித்து ஒட்டுகிற வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், மூடி இல்லாத பல்சக்கரம் ஒன்று அவருடைய இடது கையைக் கடித்தது. மூடி போடச் சொல்லி, அதே மில்லில் வேலை பார்த்த நானும் அவரும் கேட்காத நாள் இல்லை. புண் ஆறியது, விரல்கள் மட்டும் விறைத்து நின்றன. விரல் வளைந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்றார் லேபர் ஆபீசர் சுந்தரராமன்.

மர்பி டவுனில் எங்கள் பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ், ஹோட்டல் விருந்துகளில் சீட்டு வித்தை காட்டுகிறவர், மாமாவின் கூட்டாளி. எண்ணெய் தேய்த்தது போதும், சீட்டைப் பிடி என்றார். ஒரே கையால் சீட்டுக்கட்டை வெட்டி மாற்றுகிற வித்தை அது. பிடிக்கும்போது கட்டு உள்ளங்கையில் படக்கூடாது. விரல் நுனிகளில் நிற்க வேண்டும். கட்டைவிரல் ஒரு பக்கம், நடுவிரலும் மோதிரவிரலும் எதிர்ப்பக்கம், சுண்டுவிரல் அடி ஓரத்தில் முட்டுக்கொடுக்கும். கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தினால் கீழ்ப்பாதி உள்ளங்கையில் இறங்கும். அதை ஆள்காட்டி விரலால் தள்ளி நிமிர்த்தி, மேல்பாதிக்கு மேலே ஏற்றி மூட வேண்டும்.

மாமா பிடித்ததெல்லாம் சிதறியது. இறுக்காதே, தாங்கு என்று ஆம்ப்ரோஸ் கத்துவார். மாமா திருப்பிக் கத்துவார். கட்டிலுக்கடியில் குனிந்து சீட்டுப் பொறுக்கியே அக்காவுக்கு இடுப்பு ஒடிந்தது. பனிக்காலம் முடிவதற்குள் கை படிந்துவிட்டது. சீட்டு வழுக்கிக்கொண்டு மாறுவதைப் பார்த்து அக்கா அழுதாள்.

யுகாதி வந்தது. அன்றைக்குச் சீட்டாடுவது இந்த ஊர் வழக்கம். தெருவெல்லாம் ஜமக்காளம் விரித்து ஆடுவார்கள், போலீஸும் கண்டுகொள்ளாது. மாமாவின் வித்தை காதில் விழுந்து, ஆபீசர் தன் வீட்டு ஆட்டத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். மறுபடி மறுபடி செய்யச் சொல்லிக் கைதட்டினார். நாளைக்கே மில்லுக்கு வந்து டாக்டரிடம் கையைக் காட்டு என்றார்.

மாமா அதை நம்பினார். மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். டாக்டர் கையைப் புரட்டிப் பார்த்து, நுணுக்க வேலைக்கு ஆகுமா என்று இழுத்தார். மாமா சட்டைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து ஒரே கையால் வெட்டிக் காட்டினார். ஒரு சீட்டுகூட நழுவவில்லை. பக்கத்தில் நின்ற சுந்தரராமனுக்கு முகம் மாறியது. மில்லுக்குள் சீட்டுக்கட்டு கொண்டுவந்தது குற்றமாம், சூதாடிக்கு இங்கே இடமில்லையாம். முந்தின நாள் கைதட்டிய அதே ஆள். சக்கரத்துக்கு மூடி போடாதது மட்டும் இவர்களுக்குக் குற்றமில்லை.

“சார், என் கை நல்லா கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க,” என்றார் மாமா.

“கை ஃபிட்டாத்தான் இருக்கு. அதான் டேஞ்சர்,” என்றார் ஆபீசர்.

மில் கேட்டில் நின்று நான் தொண்டை கிழியக் கத்தியதுதான் மிச்சம். மாமா மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். சீட்டை அதற்கப்புறம் தொடவில்லை.

அடுத்த யுகாதிக்கு ஆபீசர் வீட்டு டிரைவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். விருந்தாளிகள் வந்திருக்கிறார்களாம், அந்த இடது கை வித்தையைக் காட்ட வேண்டுமாம். எனக்கு ரத்தம் கொதித்தது, செருப்பைத் தேடினேன். மாமா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். பிடித்தது அந்த இடது கைதான். என் எலும்பு வலித்தது.

“கை சரியில்லன்னு போய் சொல்லுப்பா,” என்றார் டிரைவரிடம்.