நான் ‘வெரி குட்’ போட்ட நாலு ரெக்கார்டு

ராகிங் தடுப்புக் குழுவில் நான் உறுப்பினராக இருந்தேன் என்று யாரிடமாவது சொன்னால், பக்கத்திலிருக்கும் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சிரிப்பார். சிரிக்கட்டும், காரணம் இருக்கிறது.

வேலூர் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக். தோல் தொழில்நுட்பப் பிரிவில் நான் கெமிஸ்ட்ரி லெக்சரர். முதலாண்டுக்கும் மூன்றாமாண்டுக்கும் லேப் என் பொறுப்பு. குழுவில் என் வேலை, மாதம் ஒருமுறை பெண்கள் விடுதிக்குப் போய் எல்லோரையும் மெஸ்ஸில் நிற்கவைத்து, “யாராவது ராகிங் பண்றாங்களா?” என்று உரக்கக் கேட்பது. சீனியர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். பின்வரிசையிலிருந்து “இல்ல மேடம்” என்று கோரஸாக வரும். ‘புகார் ஏதும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, விடுதி டீயையும் குடித்துவிட்டு வருவேன். கடமையைக் கண்ணும் கருத்துமாகச் செய்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த வருடம் முதலாண்டில் ஷபானா என்று ஒரு பெண். ஊர் ஆம்பூர். அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷன். வகுப்பில் கெட்டிக்காரி, ஆனால் லேப் ரெக்கார்டு நோட்டு மட்டும் நகரவே இல்லை. ஆறு பரிசோதனை முடிந்த நேரத்தில் இரண்டுதான் எழுதியிருந்தாள். எனக்கு வாய் ஜாஸ்தி. விடுவேனா?

“இன்னாம்மா, ஹாஸ்டல்ல தூங்கறதுக்குன்னே சேந்தியா? இங்க பாரு, தேர்டு இயர் அக்காங்க ரெக்கார்டு. எப்படி முத்து முத்தா எழுதியிருக்காங்க! பாத்துக் கத்துக்கோ.”

நாலு நோட்டுகளை எடுத்து அவள் முன்னால் பிரித்துக் காட்டினேன். தோலில் குரோமிய அளவு கண்டறியும் பரிசோதனை. அடியில் என் சிவப்பு மையில் ‘வெரி குட், நீட் ஒர்க்’. அவள் பார்த்தாள். தன் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து அவள் அப்பா வந்தார். கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்த அவசரத்தில் ஐ.டி. கார்டைக்கூடக் கழற்றவில்லை.

“டி.சி. குடுத்துடுங்க மேடம். படிப்பு ஒத்துவரலன்னு ஒரே அழுவாச்சி.”

“எழுதவே மாட்டேங்குறா சார். வீட்ல நீங்கதான் கண்டிக்கணும்.”

மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னா மேடம் இப்படி சொல்றீங்க? சனி ஞாயிறு வீட்டுக்கு வந்தாக்கூட எழுதிக்கினேதான் கீது. சோத்துக்குக்கூட எழுந்திரிக்கல. விரலு வீங்கிப்போச்சு. இந்தாங்க, நீங்களே பாருங்க.”

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அவளுடையது இல்லை; அன்று நான் அவளுக்குக் காட்டிய நாலு தேர்டு இயர் ரெக்கார்டுகளில் ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் என் சிவப்பு மை. கடைசிப் பரிசோதனை பாதியில் நின்றிருந்தது.

பீரோவைத் திறந்து மற்ற மூன்று நோட்டுகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நாலையும் எழுதியது ஒரே ஆள். யாராக இருந்தாலும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். நானோ பரீட்சை ஹாலில் பிட்டை வாசலிலேயே மோப்பம் பிடிப்பவள் என்று பெயரெடுத்தவள்.

ஷபானாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். எழுதித் தராத ராத்திரிகளில் சீனியர்கள் அவளைத் தூங்கவிடாமல் நிற்கவைத்திருக்கிறார்கள். புகார் எழுதித் தா என்றால் மறுத்தாள். “என் பேரு வந்தா சும்மா விட மாட்டாங்க மேடம். நான் ஊருக்கே போய்டறேன்.”

நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு பிரின்சிபாலிடம் போனேன்.

“அந்தப் பொண்ணே கம்ப்ளைன்ட் குடுக்கல. நீங்க எதுக்கு மேடம் பேஜார் பண்றீங்க? நாலு பேரையும் கூப்ட்டு சாரி சொல்ல வைங்க, முடிஞ்சுது.”

“அப்ப நான் குடுக்கறேன் சார். ஆதாரம் பூரா நான் கையெழுத்து போட்டதுதான்.”

அவர் ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “மொத மெமோ உங்களுக்குத்தான் வரும்.”

“வரட்டும் சார்” என்றேன்.

மெமோ வந்தது. நாலு பேரையும் விடுதியிலிருந்து நீக்கினார்கள். ஷபானாவின் அப்பா டி.சி. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் மெமோவைவிட விசாரணையில் நடந்ததுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. சின்னக் கல்லூரி, புகார் கொடுத்தவளும் நான், சாட்சியும் நான், மினிட்ஸ் எழுதுபவளும் நான். அந்த மிடுக்கில் அவளிடம் கேட்டேன்: “இவ்ளோ நாள் ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?”

“உங்ககிட்ட சொல்லத்தான் மேடம் ரெண்டு வாட்டி வந்தேன். ரெக்கார்டு முடிக்காம என் ரூம் பக்கமே வராதன்னு அனுப்பிட்டீங்க.”

நான் அதையும் அப்படியே மினிட்ஸில் எழுதினேன்.

புதிதாகச் சேரும் லெக்சரர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் ரூம் வாசலில் வந்து நிற்கும் பிள்ளையை முதலில் உட்காரச் சொல்லுங்கள். ரெக்கார்டை அப்புறம் கேட்கலாம்.