செல்விக்காக நான் நடந்து காட்டிய இத்தாலிய வினைச்சொற்கள்

சூடேறிய மானிட்டர் வாசனை... அதன்மேல் ஓனர் ஏற்றி வைத்த ஊதுபத்திப் புகை. 2008 வாக்கில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் வேலை பார்த்த பிரௌசிங் சென்டர் இப்படித்தான் மணக்கும்.

அதற்கு முன் சில வருஷம் இத்தாலியில் இருந்தேன். கன்னியர் மடத்தில் சிஸ்டர் ஆகப் போனவள், ஆகாமலே திரும்பிவிட்டேன். கடலூரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் "ஏம்மா வந்துட்ட?" என்று கேட்டுத் தீர்த்தார்கள். கேட்காத ஒரே ஆள் செல்வி. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

செல்விக்குச் சிதம்பரம். அவள் வீட்டுக்காரர் பாஸ்கர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். இத்தாலியில் ஒரு துறைமுகத்தில் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடி. உயிர் தப்பியது, ஆனால் ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டன. அங்கேயே ஆஸ்பத்திரியில் பயிற்சி. எழுந்து நடந்தால்தான் ஊருக்கு அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

வாராவாரம் மெயிலில் ரிப்போர்ட் வரும், முழுக்க இத்தாலியனில். இங்கே அவரைப் பார்க்கப்போகிற சிதம்பரம் டாக்டருக்கு அது இங்கிலீஷில் வேண்டும். போனில் பாஸ்கரிடம் கேட்டால் "பரவால்ல, நல்லாருக்கேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அதனால் சனிக்கிழமையானால் செல்வி பஸ் பிடித்து என்னிடம் வந்துவிடுவாள்.

ரிப்போர்ட் பூராவும் வினைச்சொல்தான். ஸ்போஸ்தார்சி, அவன்சாரே, ப்ரொச்செதேரே... நான் கற்றதோ ஜெபத்துக்கும் சமையலுக்கும் போதுமான இத்தாலியன். முதல் வாரம் எல்லாவற்றுக்கும் 'மூவ்ஸ்', 'ப்ரோக்ரஸ்' என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். டாக்டர் திருப்பி அனுப்பினார்.

"அக்கா, மூவ்னா எப்புடின்னு டாக்டர் கேக்குறாரு. கட்டில்லயே நகர்றாரா, எந்திரிச்சி நடக்குறாரா? எனக்கும் அதாங்க்கா தெரியணும்."

சரி, என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். டிக்‌ஷனரியில் பார்த்ததை உடம்பால் செய்து பார்த்தேன். ஸ்டூலிலிருந்து பக்கத்து ஸ்டூலுக்குப் பிட்டத்தைத் தூக்கி வைத்தால் அது ஸ்போஸ்தார்சி, 'ஷிஃப்ட்ஸ்' என்று அடித்தேன். பிளாஸ்டிக் சேரை வாக்கர் மாதிரி முன்னால் வைத்து ஒரு அடி எடுத்தால் அவன்சாரே. இதற்கு 'அட்வான்ஸ்' என்று போட்டால் ஏதோ பட்டாளம் கிளம்பின மாதிரி இருந்தது. 'ஸ்டெப்ஸ் ஃபார்வர்ட்' என்று போட்டேன். நிற்காமல் தொடர்ந்து போனால் ப்ரொச்செதேரே, 'கீப்ஸ் கோயிங்'.

செல்வி எதிரே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பாள். சாட் பண்ணிக்கொண்டிருந்த பசங்களெல்லாம் கேபினிலிருந்து தலையை நீட்டுவார்கள்.

"ஏம்மா, இது பிரௌசிங் சென்டரா, டிராமா கொட்டாயா?" என்பார் ஓனர்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. அக்கா, இன்னொரு தடவ நடங்க. கால இழுக்குறாரா, தூக்கி வக்கிறாரா?"

ஒரு மாசம் ரிப்போர்ட்டில் புதுச்சொல் எதுவுமே வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே ஸ்டூல், அதே சேர். "போன வாரம் மாதிரியேதானாக்கா?" என்பாள். ஆமாம் என்பேன். டீகூடக் குடிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவாள்.

அப்புறம் ஒருநாள் 'சலீரே' வந்தது. ஏறுகிறார்! கம்பியைப் பிடித்துப் படி ஏறுகிறார்! செல்வியைக் கீழே நிறுத்திவிட்டு, கடை வாசற்படி மேல் ஏறி, அவளைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே கம்பியைப் பிடித்து ஏறுவதுபோல் காட்டினேன். அவள் நடுரோட்டில் நின்று அழுதாள், சிரித்தாள். "எங்க வூட்டுக்கும் கம்பி போட்டுடணும்க்கா" என்று அப்போதே முடிவெடுத்துவிட்டாள்.

பாஸ்கர் வந்து இறங்கிய அன்று நானும் சிதம்பரம் போயிருந்தேன். மழைத்தண்ணீர் ஏறுமென்று உயரமாகக் கட்டிய வீடு. படியோரம் பச்சை பெயின்ட் அடித்த புத்தம்புதுக் கம்பி. தெருவே கூடி நின்றது.

காரிலிருந்து இறங்கி, தடியை ஊன்றி, அவர் நடந்து வந்தார். அடேயப்பா... முன்பின் பார்க்காத மனுஷன், அப்படியே என் நடை!

படியருகே வந்தவர் நின்றுவிட்டார். கம்பி இடதுபக்கம் இருந்தது. அவருக்கு விழுந்ததும் இடதுகைதான்.

டாக்டருக்கு, விழுந்த பக்கம் 'லெஃப்ட்' என்று தெளிவாக அடித்துக் கொடுத்திருந்தேன். செல்வியோ எழுத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் எதிரே நின்று வலதுகையால் பிடித்து ஏறிக் காட்ட, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பக்கத்தை மாற்றி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஐயோ... தப்பா போட்டுட்டனே" என்றாள். அவ்வளவு நேரம் பூத்திருந்த முகம் அப்படியே செத்துப்போனது.

"மாமா, தூக்கிட்டுப் போயிடவா?" என்று செல்வியின் தம்பி ஓடி வந்தான்.

"இரு மச்சான். பின்னாடி மட்டும் நில்லு."

பாஸ்கர் மெல்லத் திரும்பினார். முதுகு வீட்டுப் பக்கம், முகம் தெருப் பக்கம். இப்போது கம்பி வலதுகைக்கு வந்துவிட்டது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறினார். கீழே செல்வி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

இந்த ஏற்றத்துக்கு எந்த ரிப்போர்ட்டிலும் வினைச்சொல் கிடையாது.

இப்போது எந்த பாஷையானாலும் போனைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடுகிறது. வீடியோ காலில் ஆளையே பார்த்துவிடலாம், யாரும் யாருக்கும் நடந்து காட்ட வேண்டியதில்லை. நல்லதுதான்... ஆனாலும் அந்த சனிக்கிழமைகளை நினைத்தால் மனசு என்னவோ பண்ணுகிறது.

போன மாசம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கம்பி இன்னும் அதே இடதுபக்கம்தான்!

"வெல்டரக் கூப்புடறேன்னாலே சண்டைக்கு வர்றாருக்கா" என்றாள் செல்வி.

பாஸ்கர் சிரித்தார். "மாத்துனா செவுத்தப் பாத்துகிட்டு ஏறணும். கீழ நிக்கிற இவ மூஞ்சிய எப்புடி பாக்குறதாம்?"