இரண்டு விளக்குமாறும் இருபத்தேழு கிலோவும்

வெள்ளிக்கிழமை, காலை 6.50. கீரமங்கலம் பேருந்து நிலையம்.

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இமயமலைக்குப் போவார்கள், இல்லையென்றால் கப்பலிலாவது ஏறுவார்கள். நான் புதுக்கோட்டைக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து ஆலங்குடி வழியாக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். என் நெஞ்சு உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டியும் கூட வந்தது. அதற்குள் இரண்டு தென்னங்குச்சி விளக்குமாறுகள் இருந்தன.

போன மாதம் வரை நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மாதம் ஏழாயிரம் ரூபாய். ஒரு நாள் தாளாளர், பெற்றோர்கள் நாலு பேர் நிற்கும்போது, "இதுகூடத் தெரியாம எதுக்கு வர்றீங்க?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பீரோ சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் இனி என்ன செய்வது என்று யோசித்தேன். எங்கள் ஊரில் தென்னைக்குப் பஞ்சமில்லை. நாலு பெண்களைச் சேர்த்துக் குச்சி சீவி விளக்குமாறு கட்டி, கைப்பேசியில் ஒரு கடை திறந்தேன். "இரண்டு விளக்குமாறு 249 ரூபாய். டெலிவரி இலவசம்." எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்று நானும் போட்டேன். அந்த இலவசத்தை யார் கையிலிருந்து கொடுப்பது என்று அப்போது தோன்றவில்லை.

இருபத்திரண்டு நாள் ஈ ஓட்டிய பிறகு வியாழக்கிழமை சாயங்காலம் முதல் ஆர்டர் வந்தது. ஓசூரில் கவிதா என்று ஒரு பெண். கூடவே குரலில் ஒரு செய்தியும் அனுப்பியிருந்தது. "அக்கா, எனக்கும் ஆலங்குடிப் பக்கந்தான். புதன்கெழம காலையில புது வீட்டுல பால் காய்ச்சுறோம். பழைய வெளக்கமாத்த புது வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாதுங்கிறாங்க எங்க அத்தை. இங்க பிளாஸ்டிக்குதான் கெடைக்குது. புதனுக்குள்ள வந்துருமா அக்கா?"

வந்துரும் என்று சொல்லிவிட்டேன். எப்படி வரும் என்று எனக்கே தெரியாது.

குச்சிக்கும் கட்டு கூலிக்கும் நூற்று நாற்பது போனால் மீதி நூற்று ஒன்பது ரூபாய். அதற்குள் பார்சல் ஓசூர் போய்ச் சேர வேண்டும். தேங்காய் மண்டியில் வேலை பார்க்கிற எங்கள் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடும்போதே முடிவாகச் சொல்லிவிட்டார்.

"தாளாளர் நேத்துக்கூடக் கேட்டாரு. திங்கக்கெழம வரைக்கும் எடத்த வச்சிருக்காராம். மொத பார்சலே நட்டத்துல போச்சுன்னா பேசாம அங்கிட்டுப் போயிரு."

அந்த ஆள் முகத்தில் மறுபடி முழிப்பதைவிட நான் இந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓசூருக்கு நடந்தே போய்விடுவேன்.

பெண்களுக்குக் கட்டணமில்லாத அரசு நகரப் பேருந்து வந்தது. நடத்துநர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"யக்கா, ஒங்களுக்கு ஃப்ரீ. பெட்டிக்கு லக்கேஜ் போடணும். உள்ள என்ன?"

"வெளக்கமாறு."

அவர் கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு பத்து ரூபாய்க்குச் சீட்டுக் கிழித்தார். மனுஷிக்கு இலவசம், விளக்குமாற்றுக்குக் கட்டணம். நான் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

காலை 8.00. ஆலங்குடி.

கடைத்தெருவில் ஒரு கூரியர் கடை. பல் துலக்கிக்கொண்டே ஒரு தம்பி வந்து ஷட்டரைத் தூக்கினான். பெட்டியைத் தராசில் வைப்பான் என்று பார்த்தால் டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்தான். ஸ்டாண்டு ஃபேன் வந்த இரண்டு பெட்டிகளை ஒன்றாக ஒட்டி நான்தான் அதைச் செய்திருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

"நூத்திப்பத்து, முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு. பெருக்கி அஞ்சாயிரத்தால வகுத்தா..." கைப்பேசியில் தட்டினான். "இருபத்தேழு கிலோக்கா. கிலோவுக்கு நாப்பது. ஆயிரத்து எம்பது ரூவா."

"தம்பி, வாயக் கொப்பளிச்சுட்டு வந்து மறுபடியும் போடு. தராசுல வையி, மூணு கிலோகூட வராது."

"எடை வேறக்கா, எடம் வேற. வண்டியில எடத்த அடைச்சுக்கிட்டுப் போகுதுல்ல? ரெண்டுல எது கூடவோ அதுக்குத்தான் ரேட்டு. ஒங்க பெட்டிக்குள்ள பூராம் காத்து."

"காத்துக்கா ஆயிரம் ரூவா? அதுக்கு என்னையவே உள்ள வச்சு அனுப்பிரலாமே."

"நீங்க இருபத்தேழுக்குள்ள வரமாட்டீங்கக்கா."

கோபப்படலாமா சிரிக்கலாமா என்று முடிவு செய்வதற்குள் சிரித்துவிட்டேன். அவன் நல்ல பையன்தான். பெட்டியைக் கிழிக்கக் கத்தி கொடுத்தான், பக்கத்து உரக்கடையில் ஒரு காலிச் சாக்கு வாங்கித் தந்தான். இரண்டு விளக்குமாறுகளையும் தலைமாடு கால்மாடாக ஒட்டிப் படுக்க வைத்துச் சாக்கால் சுற்றினோம். சாக்கு நீளம் போதவில்லை. ஒரு முனையில் குச்சிகள் சாண் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மறுபடி அளந்தான். இருபத்தேழு கிலோ நாலு கிலோவாக இறங்கியது. உலகத்தில் யாரும் அரை மணி நேரத்தில் அவ்வளவு இளைத்ததில்லை.

"நூத்தியறுவது."

"எங்கிட்ட நூத்தி ஒம்பதுதான் இருக்கு."

"அப்ப புதுக்கோட்டையில கேட்டுப் பாருங்கக்கா. அங்க கடை நெறைய. ரேட்டு முன்னப்பின்ன இருக்கும்."

காலை 8.50. ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு.

ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், நல்ல சாலை. ஆனால் நான் சாலையைப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதுக்குள் ஓர் அம்மாள். பட்டுப் புடவை, மடியில் பூவும் பழமும் வைத்த தாம்பாளம், மல்லிகை வாசனை. மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்களாம். முன் இருக்கையில் மகனும் அவன் அப்பாவும். பத்தரைக்கு ராகுகாலம், அதற்கு முன்னால் பெண் வீட்டில் கால் வைக்க வேண்டும் என்று அந்த அம்மாள் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வல்லத்திராகோட்டை தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி குதித்தது. சாக்குக்கு வெளியே நீட்டியிருந்த குச்சி நேராகப் போய் அவர் தோளில் இடித்தது.

"என்ன தாயி இது?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "வெளக்கமாறுக்கா."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நல்ல காரியத்துக்குப் போறப்ப மேல வெளக்கமாத்தப் பட வச்சுட்டியே. ஒரு குச்சிய ஒடிச்சு வெளிய போடு, தோசம் போயிரும்."

"அக்கா, இது வாங்குனவங்க சாமான். நான் எப்படி ஒடிக்கிறது?"

"ஒத்தக் குச்சிதானே கேக்குறேன்."

"ஒத்தக் குச்சியா இருந்தாலும் அவுங்களதுதானேக்கா."

புதுக்கோட்டை வரும் வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. இறங்கும்போது மட்டும், "காரியம் கெட்டுச்சு, ஒன்னத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளைப் பையன் வேறு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

காலை 9.50. புதுக்கோட்டை.

நாலாவது கடையில் சாமி படத்துக்கு அப்போதுதான் பத்தி கொளுத்திக்கொண்டிருந்தார் ஒருவர். நெற்றி நிறையத் திருநீறு, மரியாதையான மனிதர். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். அளக்கவில்லை. "ஓசூரா? ஒல்லியாத்தாம்மா இருக்கு. எடைக்கே போட்டுத் தாரேன். நூத்தியஞ்சு குடுங்க. பதினொன்றரைக்கு வண்டி, செவ்வாக்கெழம கெடைச்சிரும்." எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அதற்குள் ரசீதுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். "உள்ள என்னம்மா?"

சொன்னேன். புத்தகத்தை மூடிவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. வெள்ளிக்கெழம. இன்னும் போணி ஆகல. மொத போணியா வெளக்கமாத்துக்கு ரசீது போட்டா இன்னைக்குப் பொழப்பு என்னாகும்? யாராச்சும் வந்து ஒரு கவரு போட்டுறட்டும், அடுத்தது ஒங்களதுதான்."

"நானே ஒரு கவர் போட்டுறவா?"

"ஒங்க கையில வாங்குனா அதுவும் வெளக்கமாத்துக் காசுதானேம்மா."

பதில் சொல்ல நாக்கு துடித்தது. சாவியை மேசையில் வைத்த நாளை நினைத்துக்கொண்டு வாயை மூடினேன். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டார், உட்கார்ந்தேன். சாக்கை நிமிர்த்திப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். கையில் உறையோடு ஒருவர் வந்தார். நீட்டியிருந்த குச்சிகளைப் பார்த்தார், நேராக எதிர்க் கடைக்குப் போய்விட்டார். அடுத்து வந்த பெண் படியேறும் முன்பே திரும்பிவிட்டது. கடைக்காரர் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மணி பத்தரை அடித்தது.

"ராகுகாலம் வந்துருச்சும்மா. இனி பன்னெண்டுக்கு மேலதான்."

"பதினொன்றரைக்கு வண்டி போயிருமே?"

அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. தலையைச் சொறிந்தார். "ஒண்ணு செய்யுங்க. தபாலாபீஸ் போங்க. அங்க போணியும் கெடையாது, ராகுகாலமும் கெடையாது."

அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அதுதான்.

காலை 11.15. தபால் நிலையம்.

வரிசையில் ஐந்தாவது ஆள். கவுண்டரில் கண்ணாடி போட்ட அம்மா உள்ளே என்ன என்று கேட்டார். விளக்குமாறு என்றேன். "சரி, வைங்க" என்றார். அந்த இரண்டு வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து உள்ளே என்ன என்று கேட்ட பிறகும் முகம் சுளிக்காமல் அதை வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

தராசு ஒரு கிலோ ஐந்நூற்று முப்பது கிராம் காட்டியது.

"விரைவு அஞ்சல்ல நூத்தி நாப்பத்தொண்ணு வருதும்மா. ஒன்றரைக் கிலோவுக்குள்ள இருந்தா நூத்தியாறு. முப்பது கிராம் கூட இருக்கு."

"சாதாரணத்துல போட்டா? புதனுக்குள்ள போயிருமா?"

"கொறையும். புதன்கெழமைக்குள்ள போகும்னு சொல்ல முடியாது."

ஓரமாகத் தரையில் உட்கார்ந்து சாக்கைப் பிரித்தேன். உள்ளே சுற்றியிருந்த செய்தித்தாளை உருவினேன். மறுபடி தராசில் வைத்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிராம் அதிகம். பின்னால் நின்றவர்கள், "நாங்க நிக்கிறோம், நீங்க பாருங்கம்மா" என்றார்கள். வேறு வழியில்லை. கட்டை நெகிழ்த்திக் குச்சியை உருவ ஆரம்பித்தேன். பேருந்தில் ஒற்றைக் குச்சிக்கு அவ்வளவு நியாயம் பேசினேனே, இங்கே நானே ஒவ்வொன்றாக உருவுகிறேன். இதில் ஐந்து, அதில் ஆறு. ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு கிராம்.

மனசு கேட்கவில்லை. காலையில் வாங்கிய லக்கேஜ் சீட்டின் பின்னால், "எடை கூடிவிட்டதால் பதினொரு குச்சி எடுத்திருக்கிறேன். மன்னிக்கவும். அடுத்த தடவை சேர்த்துத் தருகிறேன். மகேஸ்வரி" என்று எழுதி உள்ளே செருகினேன். தராசு அதைக் கண்டுகொள்ளவில்லை. நூற்று ஆறு ரூபாய் கட்டினேன். மூன்று ரூபாய் லாபம். லக்கேஜுக்குப் பத்துக் கொடுத்ததை நினைத்தால் ஏழு ரூபாய் நட்டம். அதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

மதியம் 1.30. திரும்பும் பேருந்து.

ஏறினால் அதே பட்டுப் புடவை அம்மாள். தாம்பாளம் காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"போச்சா ஒன் வெளக்கமாறு?"

"போயிருச்சுக்கா. ஒங்க காரியம்?"

"பொண்ணு லெச்சணமா இருக்கு. அவுங்களுக்கும் புடிச்சிருச்சு. ஆவணியில வச்சுக்கலாம்னுட்டாங்க."

என் உயிர் திரும்பி வந்தது. பையிலிருந்து பதினொரு குச்சியையும் எடுத்து அவரிடம் நீட்டினேன். காரியம்தான் முடிந்துவிட்டதே, சிரித்துவிட்டு வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் ஒன்றை எடுத்துப் பட்டென்று ஒடித்துச் சன்னலுக்கு வெளியே போட்டார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

திங்கள், காலை 9.00. கீரமங்கலம்.

பள்ளிக்கூடத்திலிருந்து தாளாளரே பேசினார். "வர்றீங்களா, வேற ஆள் போட்டுக்கட்டுமா?" ரசீது எண்ணைத் தட்டிப் பார்த்ததில் பார்சல் இன்னும் ஓசூர் போய்ச் சேரவில்லை. கவிதா கையில் கிடைக்குமா, கிடைத்தாலும் பதினொரு குச்சி குறைவு என்று திட்டுமா, ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரர் சட்டையை மாட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "வேற ஆள் போட்டுக்கங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏழாயிரம் ரூபாய் போச்சு.

புதன், காலை 7.20.

ஒரு படம் வந்தது. புது அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. ஓரத்தில், சுவரில் சாய்த்து என் விளக்குமாறு இரண்டும். பிடியில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கீழே கவிதாவின் குரல்.

"அக்கா, சாமி படத்துக்கு அடுத்து வீட்டுக்குள்ள போனது இதுதான். ஒங்க சீட்டப் படிச்சுட்டு எங்க அத்தை சிரிச்ச சிரிப்பு இருக்கே. எதுத்த வீட்டுக்கு ரெண்டு, மாடிக்கு ரெண்டு வேணுங்கிறாங்க. தபால் செலவ நாங்க தாரோம். குச்சிய மட்டும் எடுத்துறாதீங்கக்கா."

அந்தக் குரலை நாலு தடவை கேட்டேன். ஓசூர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. திருச்சியைத் தாண்டி நான் போனதே இல்லை. எங்கள் தோப்புக் குச்சி போய், புது வீட்டில் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு மூச்சு அழுது முடித்துவிட்டுக் கடையைத் திறந்து "டெலிவரி இலவசம்" என்பதை அழித்தேன்.

வீட்டுக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டார்.

"இந்தத் தடவ நானும் வாரேன். சனிக்கெழமையாப் பாத்துப் போவமா? போணி கீணின்னு ஒருத்தனும் பேசமாட்டான்ல?"

"வெள்ளிக்கெழமதான் போறோம்" என்றேன். "பத்தரை மணிக்கு."